மலை மருத்துவமனையில் குழந்தைக்குச் சுவாசக் குழாய்: பொருத்துவது முதல் அகற்றுவது வரை, மூச்சுவழிக் கிருமிகளை முன்வைத்து ஒரு முழுமையான வழிகாட்டி

உதகை, குன்னூர், கோத்தகிரி, கூடலூர், கொடைக்கானல் போன்ற ஊர்களில் இரவுப் பணியில் இருக்கும் மருத்துவர்களையும் செவிலியர்களையும் மனத்தில் வைத்து இதை எழுதுகிறேன். கடும் நிமோனியா, நிற்காத வலிப்பு, கேரட் தோட்டத்துக்கென்று வாங்கி வைத்த பூச்சிமருந்தைக் குழந்தை குடித்துவிட்டது, முற்றிய ஸ்க்ரப் டைஃபஸ் (ஒரு வகைப் பூச்சிக்கடியால் பரவும் காய்ச்சல்), மலைச்சாலை விபத்தில் தலைக்காயம் என்று ஏதேனும் ஒரு காரணத்தால் குழந்தையின் மூச்சுக்குழலில் குழாய் பொருத்த வேண்டி வருகிறது. கோவைக்கோ மதுரைக்கோ அனுப்பும் வரை சில மணி நேரமும், சில வேளைகளில் சில நாட்களும் அந்தக் குழாய் நம் பொறுப்பில் இருக்கிறது. அந்த நேரத்தில் நாம் செய்வதும் செய்யாமல் விடுவதும், கீழே சமவெளியில் உள்ள தீவிர சிகிச்சைப் பிரிவில் அடுத்த வாரம் வரும் கல்ச்சர் (மாதிரியிலிருந்து கிருமியை வளர்த்துப் பார்க்கும் சோதனை) அறிக்கையில் தெரிய வாய்ப்புண்டு.

என் நிலைப்பாட்டை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். குழாய் இருக்கும் மூச்சுக்குழலில் கிருமி வளர்வது எதிர்பார்க்க வேண்டிய ஒன்று. வளர்ந்திருப்பதாலேயே அது நோய் ஆகிவிடாது. எது வெறும் குடியேற்றம் (கிருமி நோய் தராமல் தங்கியிருப்பது), எது தொற்று என்று பிரித்தறிவதும், தேவை முடிந்த பின் குழாயை ஒரு வேளைகூட வைத்திருக்காமல் எடுப்பதுமே முதன்மையானவை. ஆன்டிபயாடிக்குக்கு அவற்றுக்கு அடுத்த இடம்தான். மருந்தளவுகளை இங்கே தரவில்லை. அவற்றை உங்கள் மருத்துவமனையின் நெறிமுறைப்படியும் குழந்தையின் எடைப்படியும் முடிவு செய்ய வேண்டும்.

கிருமி உள்ளே வரும் வழி

நலமாக இருக்கும் குழந்தையின் குரல்வளை, விழுங்கும்போது மூடிக்கொள்கிறது. தப்பி உள்ளே போனதை இருமல் வெளியேற்றுகிறது. அதற்கும் தப்பியதை மூச்சுக்குழலின் உட்சுவரில் உள்ள நுண்மயிர்கள் சளியோடு சேர்த்து மேலே தள்ளுகின்றன. குழாய் பொருத்தியதும் இந்த மூன்று காவலும் ஒரே நேரத்தில் தளர்கின்றன. குரல்வளை மூட முடியாமல் திறந்தே இருக்கிறது, மயக்க மருந்து இருமலை அடக்குகிறது, உலர்ந்த காற்றும், சளியை உறிஞ்சி எடுக்கும் சக்‌ஷன் கதீட்டரின் உரசலும் நுண்மயிர்களைச் சிதைக்கின்றன.

குழாய்க்குள் கிருமி பெரும்பாலும் வெளியிலிருந்து வரும் காற்றின் வழியே வருவதில்லை. குழந்தையின் வாயிலிருந்தே வருகிறது. கடும் நோயில் சில நாட்களுக்குள் வாயில் வழக்கமாக வாழும் கிருமிகள் குறைந்து, அவற்றின் இடத்தைக் கிராம் நெகட்டிவ் என்னும் பாக்டீரியா வகைகள் பிடித்துக்கொள்கின்றன. எச்சிலும் இரைப்பையிலிருந்து மேலேறும் நீரும் குழாயின் கஃப்புக்கு (குழாயைச் சுற்றி ஊதப்படும் காற்றுப் பலூன்) மேலே தேங்கி, கஃப்பின் மடிப்புகள் வழியாகத் துளித்துளியாகக் கீழே கசிகின்றன. முதல் நாட்களில் நிமோகாக்கஸ், ஹீமோஃபிலஸ் இன்ஃப்ளுயன்சே, ஸ்டஃபைலோகாக்கஸ் ஆரியஸ் போன்றவை தென்படும். நாட்கள் கூடக் கூட சூடோமோனாஸ், கிளெப்சியெல்லா, அசினெட்டோபேக்டர் ஆகியவை மேலோங்கும். மரபணு அடிப்படையிலான ஆய்வுகள் இன்னொன்றையும் காட்டியிருக்கின்றன: நுரையீரல் ஒருபோதும் கிருமியற்ற இடமாக இருந்ததில்லை; குழாய் இருக்கும் நாட்கள் கூடும்போது அங்குள்ள கிருமிகளின் வகைகள் குறைந்து, ஓரிரு இனங்கள் ஆதிக்கம் பெறுகின்றன.

குழாயின் உட்புறத்தில் ஓரிரு நாட்களுக்குள் பயோஃபிலிம் என்னும் வழுவழுப்பான படலம் உண்டாகிவிடுகிறது. தண்ணீர்த் தொட்டியின் சுவரில் படியும் பாசியைப் போல, கிருமிகள் தாங்களே சுரந்த பசைக்குள் ஒட்டிக்கொண்டு வாழ்கின்றன. இரத்தத்தின் வழியே வரும் ஆன்டிபயாடிக் இந்தப் படலத்தை எளிதில் எட்டுவதில்லை. எனவே, சரியான மருந்து கொடுத்து நிமோனியா குணமாகி வரும் குழந்தையிடம் எடுத்த சளியிலும் அதே கிருமி மீண்டும் மீண்டும் வளரக்கூடும். பிற்பகுதியில் அறிக்கையைப் படிப்பது பற்றிச் சொல்லும்போது இதை நினைவில் கொள்ளுங்கள்.

முதல் படி: குழாய் தேவையா, எந்த அளவு

தவிர்க்க முடிந்த குழாயே மிகப் பாதுகாப்பானது. மூச்சுத்திணறலோடு வரும் கைக்குழந்தைகள் பலரை, குழாய் இல்லாமல் மூக்கு வழியே காற்று தரும் ஹை ஃப்ளோ ஆக்சிஜனிலோ பபிள் சிபாப்பிலோ சமாளிக்க முடியும். ஆனால் மலையில் ஒரு சிக்கல் உண்டு. இரண்டு மூன்று மணி நேர இறக்கத்தில், வளைவுகளுக்கு நடுவே, ஆம்புலன்ஸுக்குள் குழாய் பொருத்துவது எவருக்கும் கடினம். வழியில் தேவைப்படும் என்ற ஐயம் வலுவாக இருந்தால், வெளிச்சமும் உதவிக்கு ஆளும் உள்ள வார்டிலேயே பொருத்திவிட்டு அனுப்புவதே சரி என்பது என் கருத்து.

ஒரு வயதுக்கு மேற்பட்ட குழந்தைக்கு, வயதை நான்கால் வகுத்து 3.5 கூட்டினால் கஃப் உள்ள குழாயின் உள்விட்டம் மில்லிமீட்டரில் கிடைக்கும். கஃப் இல்லாத குழாய்க்கு 4 கூட்ட வேண்டும். இரண்டு வயதுக் குழந்தைக்குக் கஃப் உள்ள 4.0 குழாய் என்று வரும். அதற்கு அரை அளவு கூடியதும் அரை அளவு குறைந்ததும் கைக்கெட்டும் இடத்தில் இருக்கட்டும். வாய்வழிப் பொருத்தும் ஆழத்தை, வயதின் பாதியோடு 12 கூட்டியோ, குழாயின் அளவை மூன்றால் பெருக்கியோ கணிக்கலாம். அதே இரண்டு வயதுக் குழந்தைக்கு உதட்டருகே 12 முதல் 13 செ.மீ. என்று வரும். இவையெல்லாம் தொடக்கக் கணிப்புகளே. இறுதி முடிவை, வெளிவிடும் மூச்சின் கரியமில வாயுவைக் காட்டும் கேப்னோகிராஃபும், இருபுறமும் கேட்கும் மூச்சொலியும், எக்ஸ்ரேயும் சொல்ல வேண்டும்.

குழந்தைகளுக்குக் கஃப் உள்ள குழாய் கூடாது என்பது பழைய பாடம். இன்றைய குழாய்களின் கஃப் மெல்லியது. அழுத்தத்தை அளந்து வைத்தால் போதும். கசிவைக் குறைத்து, எச்சில் கீழிறங்குவதையும் குறைக்கும் என்பதால் இப்போதைய வழிகாட்டு நெறிகள் கஃப் உள்ள குழாயையே விரும்புகின்றன. அழுத்தம் 20 முதல் 25 செ.மீ. நீரழுத்தத்துக்குள் இருக்க வேண்டும். அதற்குக் குறைந்தால் எச்சில் கசியும். கூடினால் மூச்சுக்குழல் சுவரின் இரத்த ஓட்டம் தடைபட்டுப் புண்ணாகும். கஃப்போடு இணைந்து வெளியே தொங்கும் பைலட் பலூனை விரலால் அழுத்திப் பார்த்து, "சரியாத்தான் இருக்கு" என்று சொல்வது அளவீடு ஆகாது. இந்த அழுத்தத்தை அளக்கும் கஃப் மானோமீட்டர் விலை மிகுந்த கருவி அன்று. ஒவ்வொரு மலை மருத்துவமனையின் அவசரப் பிரிவிலும் ஒன்று இருக்க வேண்டும்.

இரண்டாம் படி: முதல் ஒரு மணி நேரம்

குழாய் சரியான இடத்தில் இருப்பது உறுதியானதும், உதட்டருகே எத்தனை செ.மீ. என்பதைப் பிளாஸ்டரின் மேலேயே பேனாவால் எழுதுங்கள். கேஸ் ஷீட்டிலும் எழுதுங்கள். பிளாஸ்டர் ஒட்டுமுன் கன்னத்தில் எச்சிலும் எண்ணெயும் இல்லாமல் துடைப்பது சிறிய வேலைதான். அதைத் தவறவிட்டால் நள்ளிரவில் குழாய் வெளியே வந்துவிடும். தானாக வெளியேறி மறுபடி பொருத்தப்படும் ஒவ்வொரு குழாயும் வாயில் உள்ள கிருமியை மறுபடி உள்ளே கொண்டு செல்கிறது. குழந்தையின் தாடை நெஞ்சை நோக்கிக் குனிந்தால் குழாயின் முனை கீழிறங்கும். தலை பின்னால் சாய்ந்தால் மேலேறும். கைக்குழந்தையின் மூச்சுக்குழல் மிகக் குட்டையானது என்பதால் இந்தச் சிறு அசைவே ஒரு நுரையீரலை மட்டும் காற்றூதும் நிலைக்கோ, குழாய் வெளியேறும் நிலைக்கோ கொண்டுபோய்விடும்.

இரைப்பைக்கு ஒரு குழாய் செலுத்தி காற்றை வெளியேற்றுங்கள். தலைப்பக்கத்தை 30 முதல் 45 டிகிரி உயர்த்துங்கள். தண்டுவடக் காயம் ஐயம் இருந்தால் கட்டிலையே சாய்த்து வையுங்கள். ஆன்டிபயாடிக் தொடங்கப் போகிறீர்கள் என்றால், அதற்கு முன் இரத்தக் கல்ச்சரும் முதல் சளி மாதிரியும் எடுத்துவிடுவது, அதற்காகச் சிகிச்சை தாமதமாகாத வரையில், பின்னால் பெரிதும் உதவும். பொருத்திய உடனே எடுத்த சளி, குழந்தை வீட்டிலிருந்து கொண்டுவந்த கிருமியைக் காட்டும்; ஐந்தாம் நாள் எடுத்ததில் மருத்துவமனையின் கிருமியும் கலந்திருக்கும்.

மூன்றாம் படி: அன்றாடப் பராமரிப்பு

தண்ணீரிலிருந்து தொடங்குகிறேன், ஏனெனில் குளிர்ப்பகுதியில் இதுவே அதிகம் கவனிக்கப்படாமல் போகிறது. வென்டிலேட்டரின் ஹியூமிடிஃபையர் காற்றை 37 டிகிரி வரை சூடாக்கி ஈரப்படுத்தி அனுப்புகிறது. ஜனவரி இரவில் உதகையில் உறைபனி விழும்போது, ஜன்னல் இடுக்கில் காற்று நுழையும் வார்டில், அந்தச் சூடான ஈரக்காற்று, வென்டிலேட்டரைக் குழந்தையோடு இணைக்கும் நெளிகுழாயின் சுவரில் பட்டதும் நீராக மாறிவிடுகிறது. விடியற்காலை மூன்று மணிக்கு டார்ச் அடித்துப் பார்த்தால், குழாயின் தாழ்ந்த வளைவில் ஒரு விரற்கடை நீர் தேங்கி, ஒவ்வொரு மூச்சுக்கும் முன்னும் பின்னும் ஆடுவதைக் காணலாம். வென்டிலேட்டர் திரையில் அலைவடிவம் நடுங்கும். சில இயந்திரங்கள் அந்த ஆட்டத்தையே குழந்தையின் மூச்சு என்று எண்ணிக் கூடுதல் மூச்சு கொடுக்கும். அந்த நீர் கிருமி நிறைந்தது. குழந்தையைத் திருப்பிப் படுக்க வைக்கும்போது அது நேராக மூச்சுக்குழலுக்குள் கவிழக்கூடும்.

ஆகவே குழந்தையைத் திருப்பும் முன், படுக்கையை உயர்த்தும் முன், நெளிகுழாயில் தேங்கிய நீரைக் குழந்தைக்கு எதிர்ப்புறமாக வடித்து அகற்றுங்கள். நெளிகுழாய் குழந்தையின் வாயைவிடத் தாழ்வாகவே இருக்கட்டும். அந்த நீரைப் பிடிக்கும் வாட்டர் டிராப் இருந்தால் பாதி நிறையும் முன்னரே காலி செய்யுங்கள். சூடேற்றும் கம்பி உள்ள சர்க்யூட் இருந்தால் குளிர்காலத்துக்கு அதை ஒதுக்கி வையுங்கள். நெளிகுழாய்களை நாள்தோறும் மாற்ற வேண்டிய தேவை இல்லை. கண்ணுக்குத் தெரியும் அழுக்கு படிந்தாலோ பழுதானாலோ மட்டும் மாற்றினால் போதும், தேவையில்லாமல் கழற்றிப் பூட்டுவதே கிருமிக்கு வழி திறப்பதாகும்.

ஹியூமிடிஃபையரிலும் ஆக்சிஜன் குமிழிக் குப்பியிலும் ஊற்ற வேண்டியது ஸ்டெரைல் (கிருமி நீக்கிய) தண்ணீர் மட்டுமே. மலை ஊற்று நீர் சுத்தமானது என்ற நம்பிக்கை நம் ஊர்களில் ஆழமாக வேரூன்றியிருக்கிறது, குடிப்பதைப் பற்றி எனக்கு வாதம் இல்லை. ஆனால் குழாய்த் தண்ணீரிலும் ஊற்று நீரிலும் சூடோமோனாஸ் வாழ முடியும். இளஞ்சூட்டில் நிற்கும் குப்பி அதற்கு ஏற்ற வீடு. குறைந்த நீரை மேலே ஊற்றி நிரப்பாமல், பழையதைக் கொட்டிவிட்டுப் புதிதாக நிரப்ப வேண்டும்.

கை சுத்தமும் குளிர்ப்பகுதியின் சிக்கல்தான். பனிக்காலத்தில் குழாய்த் தண்ணீர் விரல்களை மரத்துப்போகச் செய்யும்போது, ஒரு செவிலியர் ஓர் இரவில் எத்தனை முறைதான் கை கழுவுவார்? அறிவுரையைவிட, ஒவ்வொரு கட்டிலின் காலடியிலும் ஆல்கஹால் ஹேண்ட் ரப் வைப்பதே பலன் தரும். கண்ணுக்குத் தெரியும் அழுக்கு இல்லாதபோது 20 முதல் 30 வினாடி அதைத் தேய்ப்பது போதுமானது.

சக்‌ஷன் செய்வதற்கு மணிக்கணக்கு அட்டவணை வேண்டாம். சளி குமுறும் ஒலி, உயரும் காற்றழுத்தம், குறையும் ஆக்சிஜன் அளவு, குழாயில் தெரியும் சளி ஆகியவற்றில் ஏதேனும் இருந்தால் செய்யுங்கள். கதீட்டரின் தடிமனைக் குறிக்கும் ஃப்ரெஞ்ச் அளவு, குழாயின் உள்விட்டத்தைப் போல் இரு மடங்குக்கு மேல் போகக்கூடாது, 4.0 குழாய்க்கு 8 ஃப்ரெஞ்ச். உறிஞ்சும் அழுத்தம் 80 முதல் 120 மி.மீ. பாதரசம், உள்ளே சென்று வெளிவரும் நேரம் 15 வினாடிக்குள். குழாயின் நீளத்தையும் கனெக்டரையும் முன்கூட்டியே அளந்து, கதீட்டர் முனை குழாயின் முனையைத் தாண்டி அரை அல்லது ஒரு செ.மீ.க்கு மேல் போகாதபடி நிறுத்துங்கள். முட்டும் வரை தள்ளிப் பின் இழுக்கும் பழக்கம் மூச்சுக்குழல் பிளவில் புண் உண்டாக்கி, அந்தப் புண்ணிலேயே கிருமி குடியேற இடம் கொடுக்கிறது. ஒவ்வொரு முறையும் சலைன் ஊற்றுவதும் தேவையற்றது, அது படலத்தில் உள்ள கிருமியைக் கழுவி நுரையீரலுக்குள் இறக்கும். வாயை உறிஞ்சிய கதீட்டரால் குழாயைத் தொடவே கூடாது.

பூச்சிமருந்து குடித்த குழந்தையிடம் மட்டும் இந்தக் கணக்குகள் தடுமாறும். ஆர்கனோபாஸ்பேட் வகைப் பூச்சிமருந்தின் நச்சில் சளியும் எச்சிலும் ஊற்றாகப் பெருகும். அங்கே அடிக்கடி உறிஞ்சுவதைவிட முறிமருந்தான அட்ரோப்பினை உரிய அளவுக்குக் கொண்டுவருவதே மூச்சுவழியை உலர்த்தும். அட்ரோப்பின் மிகுந்தாலோ சளி கெட்டியாகி, சின்னக் குழாயை அடைத்துவிடும்.

வாய்ப் பராமரிப்பில் பல் முளைத்த குழந்தைக்கு மென்மையான பிரஷ், பல் முளைக்காத குழந்தைக்கு ஈரமான காஸ் துணி. குளோர்ஹெக்ஸிடின் கரைசல் முன்பு எங்கும் பரிந்துரைக்கப்பட்டது. 2022-இல் புதுப்பிக்கப்பட்ட அமெரிக்க நெறிகள் பெரியவர்களுக்கு அதைக் கைவிட்டுவிட்டன, குழந்தைகளுக்கும் அதனால் நிமோனியா குறைவதாக நம்பத்தகுந்த சான்று இல்லை. பிரஷ்ஷே போதும். உணவை இரைப்பைக் குழாய்மூலம் முடிந்தவரை விரைவில் தொடங்குங்கள். அமிலத்தைக் குறைக்கும் ஊசியைக் காரணமின்றி எல்லாக் குழந்தைகளுக்கும் போடாதீர்கள்.

நான்காம் படி: மலையிறக்கம்

சமவெளியில் எழுதப்படும் வழிகாட்டிகளில் இந்தப் பகுதி இருப்பதில்லை. உதகை கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. கோவை சுமார் 410 மீட்டர். காற்றழுத்தம் உதகையில் ஏறத்தாழ 580 மி.மீ. பாதரசம், கோவையில் ஏறத்தாழ 725. உதகையில் காற்று அடைத்த கஃப் அப்படியே கோவைக்கு இறங்கினால், உள்ளே உள்ள காற்று ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு சுருங்கிவிடும். கிளம்பும்போது சரியாக இருந்த கஃப், மேட்டுப்பாளையம் சேரும்போது தளர்ந்திருக்கும். அதுவரை கஃப்பின் மேலே தேங்கியிருந்த எச்சில் முழுவதும், வளைவுகளின் ஆட்டத்தோடு சேர்ந்து, கீழே இறங்க வழி கிடைத்துவிடும். குழந்தை சேர்ந்த மூன்றாம் நாள் நிமோனியா என்று கண்டறியப்பட்டால், அது ஆம்புலன்ஸிலேயே தொடங்கியிருக்கவும் கூடும்.

எனவே கிளம்பும் முன் வாயையும் தொண்டையையும் நன்றாக உறிஞ்சி, கஃப் அழுத்தத்தை அளந்து எழுதுங்கள். குன்னூரில் ஒரு முறை, பர்லியாற்றில் ஒரு முறை, மேட்டுப்பாளையத்தில் ஒரு முறை அளந்து சரிசெய்யுங்கள். மானோமீட்டர் கருவி காட்டும் எண் சுற்றியுள்ள காற்றோடு ஒப்பிட்டதே என்பதால் எந்த உயரத்திலும் அதை அப்படியே நம்பலாம். கொடைக்கானலிலிருந்து இறங்குவோர் பெருமாள்மலையிலும் டம்டம் பாறை அருகிலும் வத்தலக்குண்டிலும் இதையே செய்யலாம். ஒவ்வொரு முறையும் கஃப்பைத் தொடும் முன் தொண்டையை உறிஞ்ச வேண்டும். சக்‌ஷனுக்கு வண்டியை நிறுத்தச் சொல்லுங்கள். ஓடும் வண்டியில், கொண்டை ஊசி வளைவில், கதீட்டரைக் கையில் பிடிப்பது குழாயை உருவிவிடும் செயல். தலையின் இருபுறமும் துணிச்சுருள் வைத்து அசையாமல் நிறுத்துங்கள். இரைப்பைக் குழாயைத் திறந்து விடுங்கள். வளைவுகளில் வாந்தி வரும்.

ஆக்சிஜனைக் கணக்கிடுங்கள். பி வகை சிலிண்டரில் நிறைந்த நிலையில் சுமார் 1,500 லிட்டர் இருக்கும். நிமிடத்துக்கு 10 லிட்டர் செலவானால் இரண்டரை மணி நேரம்தான். உதகையிலிருந்து கோவைக்கு மூன்று மணி நேரம் என்றால், வடகிழக்குப் பருவமழையில் மண் சரிந்து குன்னூர் சாலை அடைபடும் நாட்களை எண்ணி, இரு மடங்காக ஆறு மணி நேரத்துக்குக் கணக்கிட்டு மூன்று சிலிண்டர் வைத்துக்கொள்ளுங்கள். மானோமீட்டர் கருவி காட்டும் எண் சுற்றியுள்ள காற்றோடு ஒப்பிட்டதே என்பதால் எந்த உயரத்திலும் அதை அப்படியே நம்பலாம்.

இறங்கும்போது இன்னொன்றும் நிகழும். உதகையில் 50 சதவீத ஆக்சிஜன் குழந்தைக்குத் தருவதை, கோவையில் சுமார் 40 சதவீதமே தந்துவிடும். கீழே சேர்ந்ததும் குழந்தை "தேறிவிட்டது" என்று தோன்றுவதில் ஒரு பங்கு காற்றழுத்தத்துக்கு உரியது. பரிந்துரைக் கடிதத்தில் ஆக்சிஜன் சதவீதத்தோடு, அது எந்த ஊரில் அளந்தது என்பதையும் எழுதுங்கள். குழாயின் அளவு, ஆழம், பொருத்திய நேரம், கஃப் அழுத்தம், எடுத்த கல்ச்சர், கொடுத்த ஆன்டிபயாடிக்கின் முதல் வேளை ஆகியவையும் அதில் இருக்கட்டும்.

ஐந்தாம் படி: கல்ச்சர் அறிக்கையைப் படிப்பது

இங்கேதான் அதிகத் தவறு நிகழ்கிறது, அதிகச் செலவும் ஆகிறது. சளி மாதிரியைச் சக்‌ஷன் பாதையில் மியூகஸ் டிராப் (சளியைச் சேகரிக்கும் சிறு குப்பி) பொருத்தி எடுக்க வேண்டும். அகற்றிய குழாயின் முனையை வெட்டி அனுப்புவதில் பயனில்லை, அதில் படலம்தான் வளரும். மாதிரி இரண்டு மணி நேரத்துக்குள் ஆய்வகத்தை அடைய வேண்டும்; இயலாவிட்டால் 2 முதல் 8 டிகிரி குளிரில் வைக்க வேண்டும். சளியைக் கீழே அனுப்ப வேண்டிய மருத்துவமனைகளில், வார்டு ஜன்னல் ஓரத்தில் காத்திருக்கும் மாதிரியில் வேகமாக வளரும் கிராம் நெகட்டிவ் கிருமி மற்றவற்றை மூழ்கடித்து, நோயில் இல்லாத ஆதிக்கத்தை அறிக்கையில் காட்டிவிடும்.

அறிக்கை வந்ததும் கிருமியின் பெயரைப் பார்ப்பதற்கு முன் கிராம் ஸ்டெய்ன் (மாதிரிக்குச் சாயமிட்டு நுண்ணோக்கியில் பார்த்த முடிவு) வரியைப் படியுங்கள். குறைந்த உருப்பெருக்கப் புலத்தில் வெள்ளணுக்கள் 25-க்கு மேலும், தட்டையான எபிதீலியச் செல்கள் 10-க்குக் குறைவாகவும் இருந்தால் மாதிரி கீழ் மூச்சுவழியிலிருந்து வந்தது என்று கொள்ளலாம். எபிதீலியச் செல்கள் நிறைந்திருந்தால் அது வாயின் எச்சில். அதில் எது வளர்ந்தாலும் பொருட்படுத்த வேண்டியதில்லை. வெள்ளணுக்களே இல்லாமல் கிருமி மட்டும் குவிந்திருந்தால் பெரும்பாலும் அது குடியேற்றமே. எண்ணிக்கை தரும் ஆய்வகமானால், குழாய்வழிச் சளியில் ஒரு மில்லிலிட்டருக்கு ஒரு லட்சம், நுரையீரலைக் கழுவி எடுத்த நீரில் பத்தாயிரம் என்ற எல்லைகள் வழக்கத்தில் உள்ளன. அவற்றைக் கடந்ததாலேயே நோய் உறுதியாவதில்லை.

அடுத்து, அறிக்கையை மூடி வைத்துவிட்டுக் குழந்தையைப் பாருங்கள். வென்டிலேட்டரில் இரண்டு நாட்களைக் கடந்திருக்கிறதா? எக்ஸ்ரேயில் புதிய நிழல் தோன்றி, மறுநாளும் இருக்கிறதா, அல்லது சளி அடைத்து ஒரு மடல் சுருங்கியதா? ஆக்சிஜன் தேவை கூடியிருக்கிறதா? காய்ச்சல் அல்லது உடல் குளிர்ந்துபோதல், வெள்ளணு மாற்றம், சளியின் நிறமும் அளவும் மாறுதல் ஆகியவை உள்ளனவா? அமெரிக்காவின் நோய்க் கட்டுப்பாட்டு மையம் 2019-இல் குழந்தைகளுக்கு வகுத்த கண்காணிப்பு வரையறை, இரண்டு நாள் நிலையாக இருந்த பின் ஆக்சிஜன் செறிவு 25 சதவீதப் புள்ளிகளோ, மூச்சுவழியின் சராசரிக் காற்றழுத்தம் 4 செ.மீ. நீரழுத்தமோ கூடி, அது குறைந்தது இரண்டு நாள் நீடிப்பதைத்தான் கவனிக்கச் சொல்கிறது. அது கணக்கெடுப்புக்கானது, படுக்கையருகே மருந்து முடிவெடுப்பதற்கானது அன்று. ஆனால் காகிதத்தைவிட மூச்சின் போக்கைப் பார் என்ற அதன் நோக்கு நமக்கும் பொருந்தும்.

இந்த இடத்தில் குடும்பத்தாரின் கேள்வி கட்டாயம் வரும். வராந்தாவில் சால்வை போர்த்தி நிற்கும் ஓர் அம்மா, "சார், ரிப்போர்ட்ல கிருமி வந்திருக்குன்னு சொன்னாங்களே, இன்னும் மருந்து மாத்தலீங்களா?" என்று கேட்பார். "கிருமி குழாயில் இருக்குதும்மா, குழந்தைக்குக் காய்ச்சல் இல்லை, ஆக்சிஜன் நேத்தைவிடக் குறைச்சிருக்கோம், எக்ஸ்ரே தெளிவா இருக்கு. மருந்து மாத்தினா அந்தக் கிருமி போயிட்டு அதைவிட முரட்டுக் கிருமி வரும்" என்று நின்று பதில் சொல்லுங்கள். படுகர் ஊர்களிலிருந்தும் எஸ்டேட் லைன்களிலிருந்தும் வரும் பெற்றோர் இதைப் புரிந்துகொள்வதில் எனக்குச் சிரமம் இருந்ததில்லை. அதைச் சொல்ல நேரம் ஒதுக்காததுதான் பெரும்பாலும் சிக்கல். இளைய மருத்துவர்களுக்கு விளக்குவது சில வேளைகளில் அதைவிடக் கடினம்.

ஆறாம் படி: ஆன்டிபயாடிக்

மேற்சொன்ன அடையாளங்கள் சேர்ந்து தெரிந்தால் கல்ச்சருக்காகக் காத்திருக்கக் கூடாது. மாதிரி எடுத்துவிட்டு, உங்கள் பிரிவில் அண்மையில் வளர்ந்த கிருமிகளின் போக்கைப் பார்த்து மருந்தைத் தொடங்குங்கள். 48 முதல் 72 மணி நேரத்தில் நின்று மறுபடி யோசியுங்கள்: கல்ச்சரில் ஒன்றும் இல்லை, குழந்தையும் தேறுகிறது என்றால் நிறுத்துங்கள், சில வகைக் கிருமிகளை மட்டும் தாக்கும் குறுகிய வீச்சு மருந்துக்குக் கட்டுப்படும் கிருமி என்றால் அந்த மருந்துக்கு இறங்குங்கள். பெரும்பாலான குழந்தைகளுக்கு 7 நாட்கள் போதும். சிகிச்சை முடியும் நாளில் "கிருமி போய்விட்டதா" என்று பார்க்க மறுபடி கல்ச்சர் அனுப்பாதீர்கள். படலம் இருக்கும் வரை அது வளரும், வளர்ந்தால் யாரோ ஒருவர் மருந்தைத் தொடர்ந்துவிடுவார்.

கார்பபெனெம் என்னும் வலுவான ஆன்டிபயாடிக்குக்குக் கட்டுப்படாத அசினெட்டோபேக்டரும் கிளெப்சியெல்லாவும் இந்தியாவின் தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் பரவலாகிவிட்டன. அதன் பின் எஞ்சுவது கோலிஸ்டின் போன்ற சில. கோழி, கால்நடைத் தீவனத்தில் கோலிஸ்டினை இந்திய அரசு 2019-இல் தடை செய்ததும் இதனால்தான்.

ஏழாம் படி: குழாயை எடுப்பது, பின் மலை ஏறுவது

ஒவ்வொரு காலையிலும் சுற்றில் முதலில் கேட்க வேண்டிய கேள்வி, இன்று குழாய் வேண்டுமா என்பதே. பொருத்தக் காரணமாக இருந்த நோய் தணிந்திருக்கிறதா, மயக்க மருந்தைக் குறைத்தால் குழந்தை கண் திறந்து இருமுகிறதா, ஆக்சிஜன் தேவை குறைந்திருக்கிறதா என்று பார்த்து, குறைந்த உதவியில் அரை மணி நேரமாவது தானாக மூச்சுவிட வைத்துச் சோதியுங்கள். குழாயைச் சுற்றிக் காற்று கசியும் ஒலியே கேட்காத குழந்தைக்கும், பலமுறை குழாய் பொருத்தப்பட்ட குழந்தைக்கும் தொண்டை வீங்கியிருக்கக்கூடும். அவர்களுக்கு வீக்கத்தைக் குறைக்கும் டெக்ஸாமெத்தசோனைக் குறைந்தது ஆறு மணி நேரம் முன்பே தொடங்க வேண்டும். நான்கு மில்லிமீட்டர் மூச்சுவழி கொண்ட சிசுவுக்குச் சுற்றிலும் ஒரு மில்லிமீட்டர் வீக்கம் காற்றுக்கான தடையை 16 மடங்காக்கும். எடுக்கும் முன் வாயையும் தொண்டையையும் உறிஞ்சி, பின் கஃப்பைச் சுருக்கி எடுங்கள். வரிசை மாறினால் தேங்கியது எல்லாம் உள்ளே போகும்.

எடுத்த பின் முதல் ஒரு நாள், மூச்சிழுக்கும்போது கீச்சொலி வருகிறதா என்று கவனியுங்கள். குரல் கரகரப்பாக இருப்பது சில நாட்களில் சரியாகும். வாரக்கணக்கில் நீடித்தால் குரல்வளையைப் பார்க்க வேண்டும். தடுப்பூசி அட்டையையும் அப்போதே கேளுங்கள். குன்னூரில் 1907 முதல் பாஸ்டர் நிறுவனம் இருக்கும் மலை இது. ஆனாலும் எஸ்டேட் மாறி மாறிச் செல்லும் குடும்பங்களில் தவணைகள் விட்டுப்போவதுண்டு. ஹீமோஃபிலஸ் பி அடங்கிய ஐந்துநோய்த் தடுப்பூசி தமிழ்நாட்டில் 2011 இறுதியிலிருந்தும், நிமோகாக்கல் தடுப்பூசி 2021 முதலும் அரசுத் திட்டத்தில் உள்ளன. இரண்டும் குழாய் தேவைப்படும் நிமோனியாவைக் குறைப்பவை.

கோவையிலிருந்து வீடு திரும்பும் குழந்தையை, அங்குள்ள அளவை மட்டும் பார்த்து மேலே அனுப்பச் சொல்லாதீர்கள். கோவையில் கூடுதல் ஆக்சிஜன் தராதபோது இரத்த ஆக்சிஜன் அளவு 93 சதவீதத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும் குழந்தை, உதகையில் அதற்கு வெகுவாகக் கீழே இறங்கும். இரவுத் தூக்கத்தில் இன்னும் குறையும். அத்தகைய குழந்தையை மேட்டுப்பாளையத்திலோ வத்தலக்குண்டிலோ உறவினர் வீட்டில் ஒரு வாரம் வைத்திருந்து, தூக்கத்திலும் அளந்து பார்த்த பின் ஏற்றுவது நல்லது. டிரக்கியோஸ்டமியோடு (கழுத்தில் துளையிட்டுப் பொருத்திய மூச்சுக்குழாய்) திரும்பும் குழந்தையின் குழாயில் கஃப் இருந்தால் கதை தலைகீழ்: ஏறும்போது காற்று விரிந்து அழுத்தம் கூடும், ஆகவே வழியில் நிறுத்தி அளந்து காற்றைக் குறைக்க வேண்டும். வீட்டில் விறகடுப்புப் புகை இல்லாத அறை, சக்‌ஷன் கருவிக்கு மின்தடையின்போது ஓடும் பேட்டரி, கொதிக்க வைத்து ஆறிய நீரில் கழுவி உலர்த்திய கதீட்டர், இரவில் மூடிய ஜன்னல் என்று தாயிடம் செய்துகாட்டி, அவரையே ஒரு முறை செய்யச் சொல்லிப் பார்த்துவிட்டு அனுப்புங்கள்.